தேதி இல்லாத வியாழக்கிழமை

எங்கள் செயலாளருக்குத் தேதி என்றாலே பிடிக்காது. தேதி போட்டால் சீக்கிரம் பழசாகிவிடும் என்பார். தயிர்ப் பாக்கெட்டைப் பற்றிச் சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பேன். அவர் சொன்னது எங்கள் இணையதளத்தைப் பற்றி.

கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன அறக்கட்டளையில் வேலை பார்க்கிறேன். ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, மாடியில் மூன்று அறை. கல்வராயன் மலையில் இருக்கிற குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழ், உதவித்தொகை, அடையாள அட்டை இவற்றை வாங்க உதவுவது எங்கள் பணி என்று வாசல் பலகை சொல்கிறது. நான் கம்ப்யூட்டர் படித்தவள். தினமும் தியாகதுருகத்திலிருந்து பஸ்ஸில் வந்து, விண்ணப்பங்களை ஆன்லைனில் ஏற்றுவேன், பிரிண்டரில் மாட்டிக்கொண்ட காகிதத்தை உருவுவேன், மிச்ச நேரத்தில் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வேன். சேர்ந்து சில மாதங்களிலேயே மிச்ச நேரம்தான் முழுநேரம் ஆகிவிட்டது. அதற்குக் காரணம் செயலாளர்.

அவர் ஓய்வு பெற்ற அதிகாரி. எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை. எந்தத் துறையிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. அவருடைய அலமாரியில் சால்வைகள் பாலிதீன் உறை பிரிக்காமல் அடுக்கியிருக்கும். மாடிப்படி ஏறி யார் வந்தாலும் ஆளின் தகுதியைப் பார்த்து ஒன்றை உருவிப் போர்த்துவார். போர்த்தும்போது அவர் கண் கேமராவில் இருக்கும். போர்த்திக்கொள்கிறவரின் முகத்தை அவர் பார்த்து நான் கண்டதில்லை.

நான் சேர்ந்தபோது இணையதளத்தில் ஆறு பக்கங்கள் இருந்தன. எனக்கு முன்னால் வேலையில் இருந்தவர் செய்துவைத்தவை. சாதிச் சான்றிதழுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று ஒரு பக்கம். மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போகும் பஸ், அங்கிருந்து இறங்கும் பஸ், நேரங்களோடு இன்னொரு பக்கம். எங்கள் அலுவலகத்தில் எந்தக் கிழமை யார் இருப்பார்கள் என்று ஒன்று. எழுத்து கொட்டை கொட்டையாக இருக்கும். தலைப்பு பச்சை நிறம். படமே கிடையாது. முதல் நாள் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ரேஷன் கடைப் பலகை மாதிரி இருக்கிறதே என்று வீட்டில் போய்ச் சொன்னேன். ரேஷன் கடைப் பலகையைக் கடைக்கு வருகிற அத்தனை பேரும் நின்று படிக்கிறார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த வருஷம் உளுந்தூர்பேட்டையில் ஒரு ஹைவே ஓட்டலின் மாடி ஹாலில் எங்களைப் போன்ற அமைப்புகளுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கோட் போட்டிருந்தார். வெளியே லாரிகள் வரிசையாக ஹாரன் அடிக்க, உள்ளே அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தார்.

"நிலையான பக்கம்ங்கிறது கல்வெட்டு. போற வழியில இருக்கும், யாரும் நின்னு படிக்கமாட்டாங்க. பதிவுங்கிறது பேப்பர் மாதிரி. தினம் ஒண்ணு சூடா வரணும். அப்பதான் தேடினா உங்க பேரு மேல வரும்" என்றார்.

எங்கள் செயலாளர் கை தூக்கினார். "தினம் போடறதுக்கு விஷயம் இல்லாட்டி?"

"உங்க ஆபீஸ்ல தினம் ஏதாவது நடக்குது இல்ல சார்? அதுதான் விஷயம்."

"அப்ப பழைய பதிவெல்லாம்?"

"தேதியை மறைச்சுடுங்க. யார் எப்ப வந்து பார்த்தாலும் இன்னிக்குக் காலையில போட்ட மாதிரியே இருக்கும்."

செயலாளர் அதை டைரியில் எழுதி அடிக்கோடு போட்டார். கோட்காரர் சாப்பிட்டுவிட்டுக் காரேறிப் போய்விட்டார். பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை. சொல்லிவிட்டுப் போவதுதான் அவர் தொழில். இருந்து அனுபவிப்பது வேறு ஆட்களின் தொழில்.

திரும்பி வரும்போது காரில் செயலாளர் வாய் மூடவில்லை. "ஏம்மா, அந்தப் பழைய பக்கத்தையெல்லாம் ஓரமாப் போட்டுடு. முகப்புல தினம் ஒரு படம், தினம் ஒரு செய்தி. தேதி வேணாம். தேதி போட்டா ஆறிப்போன மாதிரி தெரியுது."

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். அவர் சொன்னதால் மட்டும் நான் அதைச் செய்யவில்லை. எனக்கே ஆசை இருந்தது. கல்லூரியில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். "ரேஷன் கார்டு ஜெராக்ஸ், இரண்டு" என்று எழுதுவதற்கா அந்தத் தமிழைக் கற்றேன் என்று எனக்குள் ஒரு கர்வம் உட்கார்ந்திருந்தது. மறுநாளே ஆறு பக்கங்களையும் 'இதர' என்ற ஒரு தலைப்புக்குக் கீழே தள்ளினேன். அடுத்த வாரம், முகப்பில் படங்கள் ஓடுவதற்கு இடம் போதவில்லை என்று 'இதர'வையும் தூக்கினேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அலுவலகத்தில் அந்தப் பக்கங்களை யாரும் பார்ப்பதே இல்லை. எங்களுக்குத்தான் அந்த விவரம் எல்லாம் தெரியுமே.

அதற்குப் பிறகு நான் எழுதிக் குவித்தேன். 'வெள்ளிமலையில் பூத்த நம்பிக்கை' என்று ஒரு பதிவு. அது செயலாளர் ஜீப்பில் மலைக்குப் போன நாள். கொண்டை ஊசி வளைவுகளில் அவருக்குத் தலைசுற்றி, வழியெல்லாம் வாந்தி. மேலே போனதும் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு அரைமணி நேரம் இருந்துவிட்டுக் கீழே வந்தார். இதெல்லாம் ஜீப் டிரைவர் வந்து சொன்னது, படமும் அவர் எடுத்தது. "மலை மக்களின் வாழ்வியலைச் செயலாளர் நேரில் ஆய்வு செய்தார்" என்று நான் எழுதினேன். எலுமிச்சம்பழம் கையில் இருந்த படத்துக்கு, "மலை விளைபொருளைப் பார்வையிடுகிறார்" என்று குறிப்பு. அந்தப் பழம் கள்ளக்குறிச்சி மார்க்கெட்டில் நான் வாங்கிக் கொடுத்தது.

முகப்பின் மூலையில் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்று காட்டும் எண் ஒன்று ஓடும். அவர் காலையில் வந்ததும் பக்கத்தைத் திறப்பார், மூடுவார், திறப்பார். எண் ஏறும். "ஜனங்க பார்த்துக்கிட்டே இருக்காங்கம்மா" என்பார். வெளிநாட்டில் இருக்கும் அவருடைய மகளும் பார்த்தாள் என்று நினைக்கிறேன். மூன்றாவது ஆள் நான்.

அப்படி எழுதியவற்றில் ஒன்றுதான் இது: "வரும் வியாழக்கிழமை காலை பத்து மணி முதல் நமது அலுவலகத்தில் சாதிச் சான்றிதழ் சிறப்பு முகாம். மலைவாழ் மக்கள் அனைவரும் உரிய ஆவணங்களுடன் திரண்டு வந்து பயன்பெற அன்புடன் அழைக்கிறோம். மதிய உணவு உண்டு." முகாம் நடந்தது. நன்றாகவே நடந்தது. அதைப் பற்றி இரண்டு பதிவு வேறு போட்டேன். அதோடு மறந்துவிட்டேன். பதிவின் சௌகரியமே அதுதான். போட்டாயிற்று என்றால் அதற்கும் நமக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அடுத்த வருஷம், பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த சமயம். ஒரு நாள் காலை நான் பஸ் இறங்கி வந்தபோது டைல்ஸ் கடைப் படிக்கட்டில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பைகள், தண்ணீர் பாட்டில்கள். கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் ஓர் அம்மா எழுந்தார். நாற்பது வயதிருக்கும். கக்கத்தில் ஒரு மஞ்சள் பை. பக்கத்தில் அவருடைய மகள்.

"நீங்கதான் ஆபீஸ் மேடமா? கேட்டத் தொறங்க. நாங்க அப்பவே வந்துட்டோம்."

"என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

"இன்னா விஷயமா? நீங்கதான வரச் சொன்னீங்க? இன்னிக்கி முகாம்னு போட்டுக்கீறீங்களே."

"எங்க போட்டிருக்கோம்?"

மகள் செல்போனை நீட்டினாள். சான்றிதழ், கள்ளக்குறிச்சி என்று தேடியிருக்கிறாள். முதலில் வந்தது எங்கள் பதிவு. அந்த விஷயத்தில் கோட்காரர் சொன்னது பொய்யில்லை. அவள் அதை ஊரில் நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறாள். விடியும் முன்பே கிளம்பி வெள்ளிமலை வரை நடந்து, முதல் பஸ்ஸைப் பிடித்துக் கச்சிராயபாளையம் வழியாக இறங்கியிருக்கிறார்கள். மரவள்ளி பிடுங்கும் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் அதில் பாதிப் பேர்.

என் வாக்கியத்தை நானே படித்தேன். திரண்டு வந்து என்று எழுதியிருந்தேன். திரண்டுதான் வந்திருந்தார்கள்.

"இது போன வருஷம் போட்டதுங்க" என்றேன்.

அந்த அம்மா போனை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வரும் வியாழக்கெழமன்னுதான கீது?"

"ஆமாங்க. அது போன வருஷத்து வியாழக்கிழமை."

"போன வருஷம்னு எங்க போட்டுக்கீது?"

எங்கும் இல்லை. நான்தான் எடுத்திருந்தேன். பின்னால் நின்ற ஒருவர், "வியாழக்கெழம வாராவாரம் வர்றதுதான" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

கேட்டைத் திறந்து எல்லோரையும் மேலே அழைத்துப் போனேன். முகாம் இல்லாவிட்டால் என்ன, வந்தவர்களின் விண்ணப்பத்தை இன்றே ஏற்றிவிடலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டேன். பைகளைப் பிரித்தார்கள். ஒன்பது பேர் வந்ததில் இரண்டு பேரிடம்தான் எல்லாக் காகிதமும் இருந்தது. ஒருவரிடம் ரேஷன் கார்டு மட்டும். இன்னொருவரிடம் ஆதார் மட்டும். அந்த அம்மாவிடம் இரண்டும் இருந்தன. மகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் இல்லை, அப்பாவின் சாதிச் சான்றிதழ் இல்லை. போதாததற்கு அப்பா பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி.

"இன்னா இன்னா எடுத்துகினு வரணும்னு போட்டுருந்தா எடுத்துகினு வந்திருப்பமே" என்றார் அந்த அம்மா. "உரிய ஆவணம்னு போட்டுக்கீறீங்க. எது உரிய ஆவணம்னு எங்களுக்கு இன்னா தெரியும்?"

அந்தப் பட்டியல் இருந்த பக்கத்தைப் படங்கள் ஓடுவதற்காக நான் எடுத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது? இரண்டு பேருக்கு விண்ணப்பம் ஏற்றினேன். மற்றவர்களுக்குத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

பதினோரு மணிக்குச் செயலாளர் வந்தார். அறை நிறைய மலை ஆட்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் மறக்க முடியாது. என்ன ஏது என்று கேட்கவில்லை. நேராக அலமாரிக்குப் போனார்.

"சார், இவங்க நம்ம பழைய பதிவைப் பார்த்து ஏமாந்து வந்திருக்காங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"பார்த்தியா? ஜனங்க படிக்கிறாங்கன்னு சொன்னேன் இல்ல?" என்றார் அவர், சால்வை உறையைக் கிழித்துக்கொண்டே. "ஒரு படம் எடு."

கூட்டத்தில் வயதானவராகத் தெரிந்த ஒருவர் தோளில் சால்வை விழுந்தது. அவர் திடுக்கிட்டு அதைக் கையால் தள்ளப் பார்த்தார், என்னமோ சோதனை செய்கிறார்கள் என்று நினைத்து. படம் எடுத்தேன். பதிவில் சாப்பாடு உண்டு என்று இருந்ததே என்று எதிர் மெஸ்ஸிலிருந்து சாம்பார் சாதம் சொன்னேன். சாப்பிடுவதையும் படம் எடுக்கச் சொன்னார். அதையும் எடுத்தேன். அவர்கள் கிளம்பிப் போன பிறகு, சாயங்காலத்துக்குள், "அலுவலகம் நாடி வந்த மலைச் சொந்தங்கள்" என்று பதிவும் போட்டேன். செயலாளரைத் திட்டிக்கொண்டே போட்டேன் என்று சொல்லலாம். திட்டிக்கொண்டு செய்தாலும் செய்தவள் நான்தான். தலைப்பு என்னுடையது. 'நாடி' என்ற சொல்லைத் தேடிப்பிடித்து வைத்தபோது உள்ளூர ஒரு திருப்தி வந்ததையும் மறைக்கக் கூடாது.

ஒரு வாரம் கழித்து அலுவலகத்துக்குப் போன் வந்தது. அந்த அம்மாதான்.

"எங்க போட்டாவப் போட்டுக்கீறீங்களாமே? பொண்ணு காட்டுச்சு."

"ஆமாங்க" என்றேன். வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன் என்று சொல்ல வாய் திறந்தேன்.

"போட்டா கெடக்குது வுடுங்க. அதுல அப்பா பேரு மாறியிருந்தா எங்க போயி மாத்தணும்னு போட்டுக்கீதா?"

"இல்லைங்க."

"பின்ன இன்னாத்தப் போட்டீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் காத்திருந்தார். உண்மையாகவே பதில் எதிர்பார்த்துத்தான் கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலை பஸ் ஏறினேன். அலுவலகத்தில் சொல்லவில்லை. சொன்னால் கேமராவும் கூட வரும். முதல் நாளே போனில் வருகிறேன் என்று சொல்லியிருந்ததால் பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மாவின் மகள் வந்து நின்றிருந்தாள். வீட்டுக்கு அரைமணி நடை. அந்த அம்மா வாசலில் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிடவில்லை. உட்காரும்படி கண்ணால் காட்டினார்.

"உங்ககிட்ட நேர்ல மன்னிப்புக் கேட்கணும்னு வந்தேன்."

"அதுக்கா இம்மா தூரம் வந்தீங்க? போன்லயே சொல்லிருக்கலாமே" என்றார். உமி காற்றில் பறந்து என் புடவையில் விழுந்தது.

"அதுக்கு மட்டும் இல்ல. உங்களுக்கு என்ன தெரியணும்னு கேட்கவும் வந்தேன்."

அப்போதுதான் புடைப்பதை நிறுத்தினார். "நீங்க யாருக்கு இன்னா செஞ்சீங்க, யாரு வந்தாங்க, யாருக்கு மால போட்டீங்க, அது எங்களுக்கு வாணாம். நான் இன்னா எடுத்துகினு வரணும். எந்தக் கெழம வரணும். வந்தா ஆளு இருப்பாங்களா. திரும்பி வர பஸ்ஸு எப்ப. இத்தான். இது நாளைக்கும் வேணும், அடுத்த வருசமும் வேணும். எங்க தம்பி பொண்ணு பத்தாவது படிக்குது, அதுக்கும் இதேதான் வேணும்."

பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஜெராக்ஸ் எத்தனை, அசல் காட்டணுமா, போட்டோ புதுசாக எடுக்கணுமா, அப்பா இறந்துபோயிருந்தால் யாருடைய சான்றிதழ், பள்ளிக்கூடத்தில் ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் என்ன செய்வது. கேட்கக் கேட்க நோட்டில் எழுதினேன். எழுதிக்கொண்டு வந்தபோது ஒன்று தெரிந்தது. பாதிக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியாது. பழைய பக்கத்திலும் அவை இல்லை. ஒரு வருஷத்துக்கும் மேலாக மலையின் மேகத்தையும் சாமைக் கதிரையும் பற்றி எழுதித் தள்ளிய ஆள் நான்.

அந்த ஒரு பக்கத்தை எழுத எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. தெரிந்தவர்களிடம் கேட்டு, இ-சேவை மையத்தில் போய் உட்கார்ந்து விசாரித்து, ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். 'உரிய', 'தக்க', 'சம்பந்தப்பட்ட' என்ற சொற்கள் என் கையிலிருந்து தானாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்தேன். எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுவதற்கு நேரில் போய் நின்று பார்க்க வேண்டியிருந்தது. மலையில் பூத்த நம்பிக்கையை எழுத நான் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. பக்கத்தின் தலையில், கடைசியாகத் திருத்திய தேதியைப் போட்டேன். அதே கையோடு எல்லாப் பதிவுகளுக்கும் தேதியை மீட்டுவைத்தேன்.

செயலாளர் மறுநாள் காலையிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"ஏம்மா, யாரு தேதிய போட்டது? மேல இருக்கிற செய்தியே எட்டு நாள் பழசுன்னு காட்டுது. நாம எட்டு நாளா தூங்கிட்டிருந்த மாதிரி இல்ல?"

"தூங்கிட்டுதானே சார் இருந்தோம்? எட்டு நாளா ஒண்ணும் நடக்கலையே."

"எதிர்த்துப் பேசாத. எடு."

"எடுத்தா மறுபடி யாராவது வந்து படிக்கட்டுல உட்காருவாங்க சார்."

"வரட்டும். வந்தா நல்லதுதானே?"

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மனதார நம்பினார். ஆட்கள் வருவது நல்லது, வந்தவர்கள் வேலை முடிந்து போனார்களா என்பது வேறு துறை. நாற்பது வருஷம் அலுவலகத்தில் இருந்தவருக்கு அந்தப் பிரிவினை ரத்தத்திலேயே இருக்கிறது.

பதிவுகளின் தேதியை எடுத்தேன். ஆனால் ஒவ்வொரு அறிவிப்பிலும் முதல் வரிக்குள்ளேயே வருஷம், மாதம், தேதி எல்லாவற்றையும் எழுத்தாலேயே எழுதிவைத்தேன். அவர் தலைப்பையும் படத்தையும் தாண்டிப் படிக்கிறவர் இல்லை. இன்றுவரை அவருக்குத் தெரியாது.

புதுப் பக்கத்தைத்தான் அவரிடம் காட்ட வேண்டியிருந்தது, முகப்பில் அதற்கு இடம் வேண்டுமே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்தார்.

"இதுல நாம எங்க வர்றோம்?"

"விலாசத்துல வர்றோம் சார்."

"அது போதுமா? யாரு செஞ்சதுன்னு ஜனங்களுக்குத் தெரிய வேணாமா? என் படத்தை வச்சுப் போடு. அப்புறம் முகப்புல எங்க வேணும்னாலும் வச்சுக்க."

வைத்தேன். அடியில், பஸ் நேரங்களுக்கும் கீழே. செல்போனில் பார்க்கிறவர்கள் விரலால் தள்ளித் தள்ளி அவ்வளவு தூரம் போவதில்லை. அவர் அலுவலகத்தின் பெரிய திரையில் பார்த்தார். படம் இருந்தது. திருப்தி.

நல்லது செய்துவிட்டேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த இரண்டாவது மாதத்தில் ஒருவர் போனில் கூப்பிட்டுக் கிழித்தார். மலையிலிருந்து இறங்கும் ஒரு பஸ்ஸின் நேரம் மாறிவிட்டிருந்தது. என் பக்கத்தை நம்பி வந்தவர் பஸ்ஸை விட்டுவிட்டார். "தப்பாப் போடறதுக்கு நீ போடாமலே இருந்துருக்கலாமேமா" என்றார். நியாயம். நிலையான பக்கம் என்று அதற்குப் பெயர் வைத்த புண்ணியவானை நான் எங்காவது பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்பேன். அதில் நிலையாக இருப்பது விலாசம் ஒன்றுதான். மீதி எல்லாம் நாம் பார்க்காத நேரத்தில் அழுகிக்கொண்டிருக்கும். பதிவு போடுவது சோம்பேறிகளின் வேலை என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. தினமும் எழுதுகிறோம் என்று சுறுசுறுப்பாகக் காட்டிக்கொள்ளலாம், எழுதிய எதையும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

அந்த அம்மாவின் மகளுக்குச் சான்றிதழ் கிடைத்தது. அப்பா பெயரைத் திருத்தி, மறுபடி விண்ணப்பித்து வருவதற்குள் அவள் ஆசைப்பட்ட நர்சிங் படிப்புக்குச் சேர்க்கை முடிந்துவிட்டது. வீணான அந்த ஒரு நாள் மட்டும் அதற்குக் காரணம் இல்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன். பட்டியல் அப்போது இணையதளத்தில் இருந்திருந்தால் அவர்கள் முதல் தடவையே எல்லாவற்றையும் கொண்டு வந்திருப்பார்கள் என்ற எண்ணமும் கூடவே வரும். இரண்டில் எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்.சி. சேர்ந்தாள்.

அவளுடைய அம்மாவை ஒரு முறை பஸ் நிலையத்தில் பார்த்தேன். "பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"காலேஜிக்குப் போய்க்கினுதான் கீறா" என்றார். பஸ் வரும் பக்கம் திரும்பிப் பார்த்தார். "நர்சு இல்ல. வேற." பஸ் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார்.

சென்ற வருஷம் செயலாளருக்கு வீடியோ பைத்தியம் பிடித்தது. அரை நிமிட வீடியோ, பின்னணியில் இசை, மெதுவாக நடந்து வருகிற செயலாளர், காற்றில் பறக்கிற சால்வை. அதை எடுக்க வெளியிலிருந்து ஒருவரை அமர்த்திக்கொண்டார். இணையதளம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார். இணையதளத்துக்கு நடந்த நல்ல காரியம் இதுதான். நான் பழைய பதிவுகளை நாளுக்குப் பத்தாக அழித்தேன். பூத்த நம்பிக்கை போயிற்று, மலைச் சொந்தங்கள் போயினர். அழிக்கும் முன் ஒவ்வொன்றையும் படித்தேன். சில வாக்கியங்கள் நன்றாகவே இருந்தன, அதுதான் எரிச்சல். எல்லாம் போன பிறகு யாராவது கேட்பார்கள் என்று நான்கைந்து நாள் எதிர்பார்த்தேன். ஒருவர் கூடக் கேட்கவில்லை.

இப்போது பத்துப் பக்கங்கள் இருக்கின்றன. மாதத்தின் முதல் வாரத்தில் பஸ் நிலையத்துக்குப் போய் நேரம் குறிப்பவரின் ஜன்னலில் நிற்கிறேன்.

"மாசாமாசம் இன்னாமா ஒனக்கு? எங்கியும் போறதில்ல, வர்றதில்ல, வந்து டைம் மட்டும் கேக்கற" என்பார் அவர்.

"எழுதி வைக்கணும் சார்."

"போன மாசம் எழுதினியே, அது இன்னா ஆச்சு?"

"அப்படியேதான் இருக்கு. மாறியிருக்கான்னு கேட்கிறேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே நோட்டைப் புரட்டி, வெள்ளிமலை பஸ்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். நான் தாளில் இருப்பதோடு ஒப்பிட்டுக்கொண்டு வருவேன். பெரும்பாலும் ஒன்றும் மாறியிருக்காது. இந்த மாதம் மத்தியான பஸ் மட்டும் பதினைந்து நிமிடம் தள்ளிப் போயிருந்தது.